மூன்றே முக்கால் மீட்டர்

வெயில் தாங்கவில்லை என்று
முன்கண்ணாடி முழுக்க உலோகத் தாள் ஒட்டச் சொன்னது
நீங்கள்தான், டாக்டர் கல்ஃபான்.
வெயில் நின்றது.
கூடவே செயற்கைக்கோள்களும் வெளியே நின்றுவிட்டன.

அதனால் ஆன்டெனாவுக்கு இனி வானம் என்பது
பின் ஜன்னல் மட்டும்.
கருவியோடு வந்த கேபிள் ஒன்றரை மீட்டர்.
இருக்கைக்குக் கீழே நுழைந்து,
கம்பளத்துக்கு அடியில் படுத்து,
கதவுத் தூணோடு ஏறி அங்கே போய்ச் சேர
இன்னும் மூன்றே முக்கால் வேண்டும்.

உம் அல் குவைன். ஆகஸ்ட். காலை ஆறரை.
ஹேங்கர் தகரம் அதற்குள் முனக ஆரம்பித்துவிட்டது.
கழிமுகத்து ஈரம் ஸ்பேனரிலும் வேர்க்கிறது.

நூர்பக்ஷை நேற்றே ஷார்ஜாவுக்கு அனுப்பினேன்.
தடிமனாய், பளபளப்பாய், இருபது மீட்டர் வாங்கி வந்தான்
பாதி விலை என்ற பெருமையோடு.
டிஷ் டிவி கேபிள். எழுபத்தைந்து ஓம்.
நமக்கு வேண்டியது ஐம்பது.
"கேபிள்தானே, மேடம்."
செருப்பும் செருப்புதான், நூர்பக்ஷ்.
நீ ஒன்பது, நான் ஐந்து.

பழைய ரேடியோவிலிருந்து கழற்றிவைத்த சுருளில்
சரியானதைக் கண்டுபிடித்தேன்.
இருபதாயிரம் கிலோமீட்டர் இறங்கி வந்தது
கடைசி மூன்றே முக்கால் மீட்டரில்
பாதியாகிவிடும்.
பணம் அனுப்பும் கவுண்டர்கூட
இவ்வளவு பிடிப்பதில்லை.
நல்லவேளை, ஆன்டெனாவின் தலையிலேயே
ஒரு சின்னப் பெருக்கி உட்கார்ந்திருக்கிறது.
அதற்குச் சாப்பாடும் இதே கம்பியில்தான்:
ஐந்து வோல்ட் மேலே போகிறது,
வானம் கீழே வருகிறது,
ஒன்றையொன்று இடித்துக்கொள்வதில்லை.

தோலைச் சீவினேன். பின்னலைப் பிரித்து மடித்தேன்.
வெள்ளை உறையைக் கத்தி படாமல் உருவினேன்.
நடுவில் செம்பு.
தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து
"பல்" என்றீர்கள்.
எனாமல், டென்டின், உள்ளே நரம்பு.
உங்களுக்கு உலகமே பல்தான் போல.

முனை அழுத்தி, கேபிள் இழுத்து,
கம்பளம் மூடி, திருகு முடுக்கி,
விமானத்தை மூன்று பேரும் வெளியே தள்ளி,
கருவியைப் போட்டால்
ஒரு கோடுகூட எழவில்லை.

மறுபடி கம்பளம்.
மீட்டரை வைத்தேன். கீச்சென்றது.
கத்தக் கூடாத இடத்தில் கத்தினால்
எங்கோ உறையும் நரம்பும் தொட்டுக்கொண்டிருக்கிறது.
எங்கே? என் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காய்த்தான் தெரிந்தது.

அப்போது காருக்குப் போய்
அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தீர்கள்,
லென்ஸ் முளைத்த கண்ணாடி,
நோயாளிகள் வாய் திறந்தபடி பயந்து பார்க்கும் அது.
வெயிலில் முட்டி போட்டீர்கள்.
வெள்ளைக் கந்தூராவில் கிரீஸ்.
"மேல் வரிசை, இடது பக்கம்" என்றீர்கள்.
இமைமுடியைவிட மெலிந்த ஒரே ஓர் இழை
செம்பின் மேல் சாய்ந்திருந்தது.
வெட்டினேன். கீச்சொலி நின்றது.

கருவி கண் விழித்தது. ஆனால் அது
இன்னும் நைரோபியில் இருந்தது.
போன வருடம் அங்கே எவரோ அணைத்துவிட்டு
உங்களுக்கு விற்றது.
அணைத்த இடத்திலேயே இருப்பதாக
அது நம்பிக்கொண்டிருந்தது. மலைகளைக்கூடக் காட்டியது.
பத்து நிமிடம். பன்னிரண்டு.
ஒரு கோள், இரண்டு,
நெடுநேரம் இரண்டே,
மூன்று.
நூர்பக்ஷ் இறக்கையின் நிழலில் தூங்கிப்போனான்.

நான்காவது எழுந்ததும்
குட்டி விமானப் படம் சொல்லாமல் குதித்தது.
கீழே உப்பு நிலம், ஒற்றை ஓடுபாதை, நாம்.

குதித்த தடத்தையும் கருவி குறித்துவைத்திருக்கிறது:
நைரோபியிலிருந்து இந்த ஹேங்கர் வாசல் வரை
மலை, பாலை, கடல் எதையும் மதிக்காத
ஒரு நேர்கோடு,
எவரும் பறக்காத பயணம்.

"அழிக்கவா?" என்றேன்.
"இருக்கட்டும்" என்றீர்கள், கண்ணாடியைக் கழற்றாமலே.
பிறகு,
"சிரித்தபோது பார்த்தேன் கனி,
கீழ்க் கடைவாயில் ஒன்று சொத்தை.
வியாழக்கிழமை வா."